காவற்காடும் பசுமை வளையமும்

பழந்தமிழ் மன்னர் தம் நகரைக் காக்க மதிலும் அகழியும் போதும் என்று எண்ணவில்லை. அவற்றிற்கு அப்பால் அடர்ந்த காடு ஒன்றையும் பேணினர். அதற்குக் காவற்காடு என்று பெயர். மிளை என்றும் வழங்குவர். திருவள்ளுவரும் 'அரண்' என்னும் அதிகாரத்தில் நீரையும் நிழல் தரும் காட்டையும் அரணின் உறுப்புகளாகச் சேர்த்துள்ளார். அவருடைய சிலை 2009ஆம் ஆண்டு பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கு அருகில் திறந்து வைக்கப்பட்டது. இந்நகருக்கு அத்தகைய அரண் உண்டா?

இன்றைய நகரத்தை அச்சுறுத்துவது அதன் சொந்த வளர்ச்சி. எனவே நகரைச் சுற்றியுள்ள வயல், தோப்பு, ஏரி ஆகியவற்றில் கட்டடம் எழாதவாறு சட்டத்தால் காப்பர். இதுவே பசுமை வளையம். பெங்களூருவின் 1984ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தில் இவ்வளையம் இடம்பெற்றிருந்தது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது சுருங்கியது. 2007இல் அதன் பெயரும் மாறி 'வேளாண் மண்டலம்' ஆயிற்று. அவ்வாண்டே 110 சிற்றூர்கள் மாநகராட்சியோடு இணைந்தன.

லால்பாக் இருக்கிறது, கப்பன் பூங்கா இருக்கிறது, பிறகு எதற்கு வளையம் என்று சிலர் கேட்பர். லால்பாக்கின் பரப்பு 240 ஏக்கர், அழகிய தோட்டம்தான். ஆயினும் ஊருக்கு வெளியே உள்ள வயல்வெளி செய்யும் வேலையை அதனால் செய்ய இயலாது. பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் இல்லாத மேட்டு நிலத்தில் அமைந்த ஊர். ஆகவே முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரிக்கு மேலுள்ள வயலும் தோப்பும் மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல விடும். அங்குச் சிமெண்டுத் தரை பரவினால், பெய்த மழை உடனே பெருக்கெடுத்து ஓடும், நிலத்தடிக்கு இறங்காது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பகுதியின் சாலைகளில் வெள்ளம் நின்றது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். இன்று நகரின் தாகத்தைத் தணிக்கக் காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டு வருகிறார்கள்.

வளையம் ஏன் நிலைக்கவில்லை? வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டியவர்கள், அந்நிலத்தில் வாழும் உழவரை நினைக்கத் தவறினர். எல்லைக்கு இப்புறம் உள்ளவர் நிலத்தை விற்றுக் கோடிகள் பெற, அப்புறம் உள்ளவர் கீரை விற்றுப் பிழைக்க வேண்டும் என்பது நீதியாகாது. நகரம் முழுவதும் பெறும் நன்மைக்கு ஓர் உழவர் மட்டும் விலை கொடுப்பதா? இலண்டன் மாநகருக்காக 1938இல் இயற்றப்பட்ட பசுமை வளையச் சட்டம், உள்ளாட்சிகள் பணம் கொடுத்து நிலத்தை வாங்கிக் காக்க வழிவகுத்தது. பெங்களூருவும் தன் உழவருக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை வழங்கலாம். அவர்கள் விளைவிப்பதை வாங்கி விற்க 'ஹாப்காம்ஸ்' கூட்டுறவுக் கடைகள் 1959 முதல் இருக்கின்றன, அவற்றைப் பெருக்கலாம்.

வளையத்தால் வீட்டு விலை ஏறும், வேலை தேடி வருவோர் எங்கே குடியிருப்பர் என்னும் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மின்னணு நகரத்திலும் ஒயிட்ஃபீல்டிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முன்னாள் வயல்களின்மேல்தான் வாழ்கின்றன. அவர்களைக் குறை கூறுவது முறையன்று. மெட்ரோ நிலையங்களை ஒட்டி, எளியோரும் வாங்கத்தக்க அடுக்கு வீடுகளை எழுப்பினால் வயல்களை விழுங்க வேண்டிய தேவை குறையும்.

இது கன்னட நாட்டின் உள்விவகாரம் என்று தமிழர் ஒதுங்கவும் இயலாது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடக்கும் நீர் தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலத்தில் அங்கு வெண்ணுரை மலைபோல் எழுகிறது. அந்நீரே ஓசூர் வட்டார வயல்களுக்குப் பாய்கிறது.