கிராஷ் ஆனா பரவாயில்லை, தப்பான விடை வந்தா?

ஓவர்கிளாக்கிங்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு கேமிங் பிசியும் கலர் லைட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா இப்போ அந்த ஆசை வொர்க்ஸ்டேஷன் பக்கமும் வந்தாச்சு. 2023-ல் ஏஎம்டி வெளியிட்ட த்ரெட்ரிப்பர் 7000 வரிசையும், அதே வருஷம் வந்த இன்டெல் ஜியான் டபிள்யூ-3400 வரிசையில் சில மாடல்களும் பூட்டு இல்லாமலே வருது. 64 கோர், 56 கோர் உள்ள ப்ராசசர்கள் இவை. பயாஸுக்குள்ள போய் நாலு எண்ணை மாத்தினா வேகம் கூடும். ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது, ராத்திரி முழுக்க ஓடுற சிமுலேஷன் கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சா நல்லா இருக்கும்னு யாருக்குத்தான் தோணாது?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்க சொந்த மெஷின்ல தாராளமா ஓவர்கிளாக் பண்ணுங்க. பாடப் புத்தகம் சொல்லித் தராத பல விஷயம் அதுல கிடைக்கும். ஆனா மத்தவங்க நம்பி விடை எடுக்கிற லேப் வொர்க்ஸ்டேஷன்ல அந்த வேலை வேண்டாம்.

ஏன்னு பார்ப்போம். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல செட்டப் டைம் படிச்சிருப்பீங்க. ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்ல இருந்து கிளம்பின சிக்னல், நடுவுல உள்ள கேட்டுகளைத் தாண்டி, அடுத்த கிளாக் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப்கிட்ட வந்து நிக்கணும். கம்பெனி ஒரு வேகத்தை நிர்ணயிக்கும்போது சூடு, வோல்டேஜ் இறக்கம், சிப்புக்கு வயசாகிறது எல்லாத்துக்கும் சேர்த்து இடைவெளி விட்டுத்தான் நிர்ணயிக்குது. ஓவர்கிளாக் பண்றப்போ நாம சாப்பிடறது அந்த இடைவெளியைத்தான். சிக்னல் லேட்டா வந்தா பழைய மதிப்பே பதிவாகும். அதுக்காக ஒரு எரர் மெசேஜ் வரணும்னு கட்டாயம் இல்லை.

கேம்ல இப்படி ஆனா ஒரு பிக்சல் நிறம் மாறும், இல்லைன்னா கேம் கிராஷ் ஆகும். சிரிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணிடுவோம். ஆனா ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்ல 1.0-ன்னு ஒரு எண் இருக்கு. அதோட மான்டிஸா பகுதியில கடைசி பிட் மாறினா பதினாறாவது தசம இடத்துலதான் வித்தியாசம் தெரியும், யாருக்கும் கவலை இல்லை. எக்ஸ்போனன்ட்ல கடைசி பிட் மாறினா அதே 1.0 இப்போ 0.5. எக்ஸ்போனன்ட்ல முதல் பிட் மாறினா இன்ஃபினிட்டி. இதுல இன்ஃபினிட்டி வந்தா நாம அதிர்ஷ்டசாலி, சால்வரே நின்னுடும். 0.5 வந்தா? அழகான கலர் காண்டூர் படம் வரும், ரிப்போர்ட்ல ஒட்டுவோம், வைவாவுல கையெழுத்தும் கிடைச்சிடும்.

“ஈசிசி மெமரி இருக்கே, அது பார்த்துக்காதா?”ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. நான் சொன்ன வொர்க்ஸ்டேஷன்களில் போடுற ஆர்டிம் மெமரியில ஈசிசி உண்டு. பொதுவா ஒரு பிட் தப்பைத் திருத்தும், ரெண்டு பிட் தப்பைக் கண்டுபிடிக்கும். ஆனா அது காவல் காக்கிறது மெமரியை மட்டும்தான். கோருக்குள்ள கூட்டலே தப்பா நடந்தா, அந்தத் தப்பு விடையை ஈசிசி பத்திரமா பாதுகாத்து வைக்கும், அவ்வளவுதான். மெமரியும் லேசுப்பட்டதில்லை. கூகுள் சர்வர்களை வெச்சு 2009-ல் வெளிவந்த ஆய்வுல, ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கும் மேலான மெமரி ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. அதெல்லாம் டேட்டா சென்டர்ல ஒழுங்கா பராமரிச்ச சர்வர்கள்.

சரி, இவ்வளவு ரிஸ்க் எடுத்தா கிடைக்கிறது என்ன? 10 சதவீதம் வேகம் கூட்டறோம், அதுக்கு வோல்டேஜும் 10 சதவீதம் ஏத்தறோம்னு வெச்சுப்போம். டைனமிக் பவர் வோல்டேஜின் வர்க்கத்தையும் ஃப்ரீக்வென்சியையும் பெருக்கினதுக்கு ஏத்த மாதிரி உயரும். 1.1-ஐ மூணு தடவை பெருக்குங்க: 1.33. அதாவது 33 சதவீதம் கூடுதல் பவர், அவ்வளவும் சூடு. 10 மணி நேர ரன் சுமார் 9 மணி 5 நிமிஷத்துல முடியும். மிச்சம் 55 நிமிஷம். பத்து ரன்ல ஒண்ணே ஒண்ணு கடைசி நேரத்துல கிராஷ் ஆனாலும், பத்துலயும் சேர்த்து மிச்சம் பிடிச்சது மொத்தமும் போச்சு. இதுகூட ப்ரோகிராம் முழுக்க கோர் வேகத்தை நம்பி இருந்தாத்தான். மெமரிக்காகக் காத்திருக்கிற சால்வரா இருந்தா அந்த 55 நிமிஷமும் கிடைக்காது.

மேடையில காட்டுற நம்பரையும் அப்படியே நம்பாதீங்க. 2018-ல் தைப்பேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ்ல இன்டெல் 28 கோர் ப்ராசசரை 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டிக் காட்டினாங்க. பெரிய கைதட்டல். மேஜைக்கு அடியில ஒரு குதிரைத்திறன் வாட்டர் சில்லர் ஓடினது அப்புறம்தான் வெளியே வந்தது. அந்த சிப் ஜியான் டபிள்யூ-3175எக்ஸ்-ங்கிற பேர்ல கடைக்கு வந்தப்போ அதோட அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ 4.3 வரைக்கும். நம்ம லேப்ல சில்லர் இல்லை. மே மாசத்துல ஏசி ஓடினாலே பெரிய விஷயம்.

வாரண்டி விஷயமும் இருக்கு. த்ரெட்ரிப்பர் 7000-ல் ஓவர்கிளாக்கை ஆன் பண்ணினா உள்ளே ஒரு ஃப்யூஸ் எரிஞ்சு அடையாளம் பதிவாகிடும். அதனால மட்டும் வாரண்டி போகாதுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. ஆனா ஓவர்கிளாக்கால வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. டிபார்ட்மென்ட் காசுல வாங்கின சிப்புக்கு அப்புறம் யார் பதில் சொல்றது?

பெரிய கணக்கு போடறவங்க இதை எப்படி சமாளிக்கிறாங்கன்னு பாருங்க. 1996-ல் இருந்து பெரிய பகா எண்களைத் தேடுற ஜிம்ப்ஸ் திட்டத்துல, ஹார்ட்வேர் தப்பு பண்ணும்ங்கிறதை முதல்லயே ஒத்துக்கிட்டு, விடையைச் சரிபார்க்கிறதுக்கு வழி வெச்சிருக்காங்க. புது பகா எண் கிடைச்சா வேற மெஷின்ல, வேற சாஃப்ட்வேர்ல மறுபடி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் அறிவிப்பாங்க. அவங்களோட பிரைம்95-ஐத்தான் ஓவர்கிளாக் பண்றவங்க ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கு எடுத்துக்கிட்டாங்க. அந்த டெஸ்ட் தெரிஞ்ச விடையோட ஒப்பிட்டுப் பார்க்கிறதாலதான் தப்பு பிடிபடுது. நம்ம ப்ராஜெக்டுக்கு அப்படித் தெரிஞ்ச விடை ஏதும் கிடையாதே.

அப்புறம் என்ன பண்ணலாம்? மெஷ்ஷை ஒழுங்கா போடுங்க, தேவையில்லாத இடத்துல பெரிசாக்குங்க. மெமரி சேனல் எல்லாத்துலயும் ஸ்டிக் இருக்கான்னு பாருங்க. எட்டு சேனல் போர்டுல நாலு ஸ்டிக் மட்டும் போட்டிருந்தா பேண்ட்விட்த் பாதிதான். எந்த ஓவர்கிளாக்கும் அந்தப் பாதியை மீட்டுத் தராது. யாராவது ஏற்கெனவே செட்டிங்ஸை மாத்தி வெச்சிருந்தா, அந்த விவரத்தை ரிப்போர்ட்ல எழுதுங்க, முக்கியமான ரன்னை சாதாரண வேகத்துல ஒரு தடவை ஓட்டி ஒப்பிடுங்க.

நாளைக்கு நாம போடுற கணக்கை நம்பி யாரோ ஒரு பீமை வார்ப்பாங்க, ஒரு பிராக்கெட்டைக் கடைவாங்க. அவங்க நம்மகிட்ட கேக்கிறது சரியான விடையைத்தான். அதுக்கு 55 நிமிஷம் கூடுதலா ஆனா ஆகட்டும்.