புகைக்காலத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்: எங்கள் நிலைப்பாடு

இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தோட்டங்களுக்காக நிலம் திருத்த வைக்கப்படும் தீ, மழை பொய்க்கும் ஆண்டுகளில் காட்டுத்தீயாகப் பரவுகிறது. கால்வாய் வெட்டி நீர் வடிக்கப்பட்ட கரிச்சதுப்பு நிலம் வாரக்கணக்கில் மண்ணுக்கடியில் புகைந்துகொண்டிருக்கும். 1997இலும் 2015இலும் இதுவே நடந்தது. அப்போதெல்லாம் மக்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த அறிவுரை: வீட்டுக்குள் இருங்கள், முகக்கவசம் அணியுங்கள். வசதியற்ற கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் இந்த அறிவுரை காப்பாற்றாது என்பதே தாய்சேய் நல அமைப்பாகிய எங்கள் நிலைப்பாடு.

காரணங்கள்

புகையிலுள்ள நுண்துகள்கள் தாயின் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து கருவின் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. குறைப்பிரசவமும் எடைக் குறைவும் இதனுடன் தொடர்புடையவை. 1997 புகையால் கருவிலும் பிறந்த பின்னும் சுமார் 15,600 குழந்தைகள் இறந்ததாகப் பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் 2009இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஏழ்மையான பகுதிகளிலேயே பாதிப்பு அதிகம்.

பலகைச் சுவரின் இடுக்குகள் வழியே புகை நுழையும் வீட்டில் கதவைச் சாத்திப் பயனில்லை. உள்ளே விறகடுப்பும் எரிந்தால் அதன் புகையும் தாய்க்குச் சேர்கிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தினக்கூலிக்கு உரமிடும் பெண், வேலைக்குப் போகாத நாளில் கூலியை இழக்கிறாள். கைக்குழந்தைக்கோ முகக்கவசமே அணிவிக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. தீக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு புஸ்கெஸ்மாஸ் சுகாதார நிலையத்திலும் காற்று வடிகட்டியுடன் கூடிய அறை தயாராக வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகளும் பிரசவித்த தாய்மாரும் துணையோடு அங்கே தங்க வழி வேண்டும்.

2. புகை மிகுந்த நாள்களில் கர்ப்பிணித் தொழிலாளர்களுக்கு, தினக்கூலிகள் உட்பட, முழுக் கூலியுடன் விடுப்பு தர வேண்டும்.

3. விறகை நம்பியுள்ள குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு மானியத்தில் முன்னுரிமை வேண்டும்.

4. போஸ்யாண்டு என்னும் தாய்சேய் நல முகாம்களில் பதிவாகும் குழந்தைகளின் எடையை, அந்தந்த வட்டாரத்தின் புகை அளவோடும் பெற்றோரின் தொழிலோடும் சேர்த்து ஆராய்ந்து வெளியிட வேண்டும்.

5. வடிகால்களை அடைத்துச் சதுப்பு நிலத்தை மீண்டும் நனைக்கும் செலவை, அதை வடித்த நிறுவனங்களே ஏற்க வேண்டும். சிறு விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவதை எதிர்க்கிறோம்.

எல்லை தாண்டும் புகை குறித்த 2002 ஆசியான் உடன்படிக்கையை இந்தோனேசியா 2014இல் ஏற்றது. அண்டை நாடுகளின் வானத்துக்குத் தரப்பட்ட அந்த வாக்குறுதி, தீக்கு மிக அருகில் பிள்ளை பெறும் பெண்களுக்கும் உரியது. அவர்களுக்கெனத் தனி நிதி ஒதுக்காத எந்தத் தீத்தடுப்புத் திட்டத்தையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.