மிகை எந்த வழியில் வந்தது?

இலங்கையின் ஏற்றுமதி வருமானம் இறக்குமதிச் செலவை மிஞ்சிய கடைசி ஆண்டு 1977. அதன்பின் ஆண்டுதோறும் பற்றாக்குறைதான். அதனாலேயே, டொலருக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் "இறக்குமதியை நிறுத்தினால் நாடு நிமிரும்" என்ற குரல் எழுகிறது. நுகர்வோருக்காகப் பேசும் இவ்வமைப்பு அதை ஏற்கவில்லை.

1977இன் மிகை எப்படி வந்தது? 1975இல் பிரேசிலில் விழுந்த உறைபனி கோப்பிப் பயிரைக் கருக்கியது. கோப்பி விலை ஏற, தேயிலை விலையும் ஏறியது. அது ஒரு பாதி. மறுபாதி, இறுக்கிப் பிடித்த இறக்குமதி. பாணுக்கு நீண்ட வரிசை, மலையகத் தோட்டங்களில் பட்டினி என்று அந்தப் பத்தாண்டில் மக்கள் பட்ட பாடு எந்த வர்த்தகக் கணக்கிலும் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டவர்கள் அப்போது நன்றாகச் சம்பாதித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் இறக்குமதிக்குச் சந்தை திறக்கப்பட்டதும் விலை விழுந்தது. அவர்களைத் தாங்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

வெளியிலிருந்து வாங்குவதெல்லாம் வீண்செலவு அல்ல. ஆடைத் தொழிற்சாலைகள் ஏற்றுமதி செய்யும் சட்டைக்குத் துணியே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இயற்கை விவசாயம் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். டொலர் மிஞ்சும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது. அந்தச் சரிவில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு என்றாலும், உரமில்லாத தேயிலைச் செடி கொழுந்து தராது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டபோதும் அதன் விலை பல மடங்கானது. தமிழகக் கரையிலிருந்து படகில் மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டன.

பொருள் வர்த்தகத்தோடு சேவை வருமானம், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நடைமுறைக் கணக்கு 2023இல் மிகையானது. பொருள் வர்த்தகத்தில் அப்போதும் பற்றாக்குறையே. அதை ஈடுகட்டியதில் பெரும் பங்கு, வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பிய ஏறத்தாழ 6 பில்லியன் டொலருக்கும் உல்லாசப் பயணிகளின் செலவுக்கும் உரியது.

ஆகவே அரசிடம் இவ்வமைப்பு கேட்பது இதுதான்: மிகையை இலக்காக வைத்து இறக்குமதியை வெட்டக் கூடாது. உரம், மருந்து, தொழிற்சாலை மூலப்பொருள் மூன்றையும் எந்தத் தடையும் தொடக் கூடாது. பிற பொருள்களுக்குக் கட்டுப்பாடு தவிர்க்க முடியாததானால், அது முடியும் திகதியை வர்த்தமானியிலேயே அறிவிக்க வேண்டும். வெங்காயச் செய்கையாளருக்குக் களஞ்சிய வசதி செய்து கொடுத்த பிறகே வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும்.