புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய ஸ்கேன்: சங்கத்தின் நிலைப்பாடு

குழுக் காப்பீட்டில் புறநோயாளிப் பரிசோதனைக்கு இடமில்லை என்ற பிரிவு இந்த ஆண்டும் மாறாது என்று காப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டது. நிர்வாகமும் கையெழுத்துப் போட்டுவிட்டது. புற்றுநோய் அறுவை முடிந்து மறைமலை நகர், ஒரகடம் ஆலைகளில் வேலைக்குத் திரும்பியவர்களின் தொடர் ஸ்கேன் குறித்து, நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு எடுத்த முடிவு இது.

எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் வேண்டும் என்று சங்கம் கேட்கவில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கொரு மேமோகிராமும் டாக்டரின் நேரடிப் பரிசோதனையும்தான் முக்கியம். எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று அடுக்கிக்கொண்டே போனாலும் ஆயுள் கூடவில்லை என்று 1994-இல் இத்தாலியில் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. அறுவைப் புண்ணின் அழற்சியும் ஒளிரும், காசநோயும் ஒளிரும். ஜி.எஸ்.டி. சாலையில் முகாம் போட்டு முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ் விற்பதைச் சங்கம் ஆதரிக்கவில்லை.

பெருங்குடல் புற்றின் கதை வேறு. அது திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. கல்லீரலில் ஓரிரு கட்டியாக இருக்கும்போதே சி.டி.யில் பிடித்துவிட்டால், சிலருக்கு அதை வெட்டியெடுத்துக் குணப்படுத்த முடிகிறது. பிரிட்டனில் 1,202 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், குறைந்தபட்சக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்குத்தான் குணப்படுத்தும் நோக்கில் மறு அறுவை செய்ய முடிந்தது, சி.டி. எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு முடிந்தது. இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினார்கள், சொல்லிவிட்டோம். யாருக்கு எந்த ஸ்கேன், எப்போது என்பதைச் சிகிச்சை தரும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு அதைத் தீர்மானிப்பது டாக்டர் அல்ல, கிளெய்ம் டெஸ்க். அறுவைக்குக் காப்பீடு பணம் கட்டுகிறது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 60 நாள் வரை மருந்துச் சீட்டும் பரிசோதனைச் சீட்டும் செல்லும். 61-ஆம் நாள் கதவு மூடிக்கொள்கிறது. ஆறாம் மாதம் டாக்டர் சி.டி. எழுதிக் கொடுத்தால், "24 மணி நேர அட்மிஷன் இல்லை, நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. எந்த ஊரில் சி.டி. எடுக்க ஒரு நாள் முழுக்கப் படுக்க வைக்கிறார்கள்? நோய் திரும்பி, முற்றி, வார்டில் சேர்த்த பிறகு லட்சக்கணக்கில் கொடுக்க இதே நிறுவனம் தயார். அதைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்குச் சில ஆயிரம் கொடுக்க மனமில்லை. இதைக் கணக்குப் பிழை என்று மென்மையாகக் குறிப்பிடலாம் என்றொரு யோசனை வந்தது. பெரும்பான்மை ஏற்கவில்லை. இது கொடுமை.

இ.எஸ்.ஐ. இருந்தால் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஆனால் 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக்கிய சம்பள உச்சவரம்பைத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளி வெளியே தள்ளப்படுகிறார். நாம் போராடி வாங்கிக் கொடுத்த ஊதிய உயர்வே அவரைச் சிகிச்சையின் பாதியில் இந்த 60 நாள் பாலிசியிடம் ஒப்படைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். புற்றுநோய்க்கு இ.எஸ்.ஐ.யில் 80 சதவீத ஊதியத்தோடு கிடைக்கும் நீட்டித்த நோய்க்காலப் பயனுக்கு இரண்டு ஆண்டு தொடர் வேலை வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது இடையில் ஓட்டை விழுந்தால் அவர் எங்கே போவார்?

விடுமுறை பற்றி ஒரு வரி: வெறும் வயிற்றில் போய், சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருந்து எடுக்கும் பெட் ஸ்கேன் நாளுக்குச் சம்பளம் பிடிப்பது கூடாது.

ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்த தொடர் ஸ்கேனுக்கு அறுவையிலிருந்து ஐந்து ஆண்டு வரை அட்மிஷன் நிபந்தனையின்றிப் பணம் தர வேண்டும். பாலிசி மாறும்வரை நிர்வாகம் நலநிதியிலிருந்து கொடுக்க வேண்டும். சிகிச்சையின் நடுவில் உச்சவரம்பைத் தாண்டுவோருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடர ஒன்றிய அரசு வழி செய்ய வேண்டும். நிர்வாகத்துடன் பேசச் சங்கம் இப்போதும் தயார். இழுத்தடித்தால் வாயிற்கூட்டம் நடத்துவது குறித்தும் செயற்குழு பரிசீலிக்கும்.

ஸ்கேன் தேதி வந்தும் பணமில்லாமல் தள்ளிப்போட்டிருக்கும் உறுப்பினர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு, நிராகரிப்புக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் தயங்காமல் வரலாம்.