மெடிக்கல் கோடிங் தேர்வு: புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்... ஆனால்?

"பார்த்து எழுதுற பரீட்சைதானேடி, அதுல எப்படி ஃபெயில் ஆவாங்க?"

பெரியம்மா கேட்டபோது அக்கா பதில் பேசவில்லை. மைக்ரோபயாலஜி பட்டம், குழந்தைக்காக விட்ட ஐந்து வருடங்கள், தேர்வுக் கட்டணத்துக்காக அடகுக்குப் போன வளையல்... இவ்வளவுக்குப் பிறகு அவள் எடுத்தது 61 சதவிகிதம். தேவைப்பட்டது 70.

அவள் எழுதியது 'சிபிசி' தேர்வு. அமெரிக்காவில் டாக்டர் எழுதும் சிகிச்சைக் குறிப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கோடுகளாகத்தான் போக வேண்டும். என்ன நோய் என்பதற்கு ஐசிடி-10-சிஎம், என்ன சிகிச்சை என்பதற்கு சிபிடி, மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு ஹெச்சிபிசிஎஸ். கோடு தவறினால் பணம் நின்றுவிடும். சென்னை, திருச்சி, கோவை என்று நம் ஊர்களில் பலர் பார்க்கும் வேலை இது. இதற்கான சான்றிதழ்களில் பிரபலமானது, 1988-ல் தொடங்கப்பட்ட ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிபிசி.

மொத்தம் 100 கேள்விகள், 4 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். மூன்று கோடு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. சிக்கல் இங்கேதான்!

"புத்தகம்தான் இருக்கேன்னு தைரியமா போனேன். பக்கம் தேடியே நேரம் போச்சு. கடைசி 20 கேள்விக்குக் குத்துமதிப்பா டிக் அடிச்சேன்" என்றாள் அக்கா. இரண்டாவது முறை அவள் மாற்றிக்கொண்டவை இவை:

விதிமுறைகளை முதலில் படியுங்கள்

கோடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐசிடி புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கும் விதிமுறைகள்தான் முக்கியம். உதாரணமாக, வெளிநோயாளியின் குறிப்பில் 'வலது அடிவயிற்றில் வலி, அப்பெண்டிசைட்டிஸாக இருக்கலாம்' என்று இருந்தால், அப்பெண்டிசைட்டிஸுக்குக் கோடு போடக் கூடாது. வலிக்கு மட்டும் ஆர்10.31. அதே நோயாளி உள்நோயாளியாகச் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் அப்படியே எழுதியிருந்தால், மருத்துவமனை பில்லில் நோய்க்கே கோடு போடலாம். இந்த விதி தெரியாதவருக்கு புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை.

இண்டெக்ஸோடு நிற்காதீர்கள்

டைப் 2 சர்க்கரை நோயால் சிறுநீரகப் பாதிப்பு என்றால், இண்டெக்ஸ் இ11.22 என்று காட்டும். உள்ளே அந்த எண்ணைப் போய்ப் பார்த்தால், பாதிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு என்18 வரிசையிலிருந்து இன்னொரு கோடும் சேர்க்கச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைத் தவறவிட்டால் பாதி விடைதான்.

விடைகளை முதலில் பாருங்கள்

குடல்வால் அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி. விடைகளில் 44950, 44970 இரண்டும் இருக்கின்றன. முதலாவது வயிற்றைத் திறந்து செய்வது, இரண்டாவது லேப்ராஸ்கோப்பி. வித்தியாசம் புரிந்துவிட்டால், நீளமான கேள்வியில் எந்த வார்த்தையைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கடிகாரத்தோடு பழகுங்கள்

பத்துக் கேள்விக்கு 24 நிமிடம் என்று அலாரம் வைத்துப் பழகினாள் அக்கா. கஷ்டமான கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

பழைய புத்தகம் வாங்காதீர்கள்

ஐசிடி கோடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1-ம் தேதியும், சிபிடி கோடுகள் ஜனவரி 1-ம் தேதியும் புதுப்பிக்கப்படுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை வாங்கினால், அந்தப் பணமும் வீண். பக்க அடையாளத்துக்கு டேப் ஒட்டிக்கொள்ளலாம். கையால் எழுதும் குறிப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஏஏபிசி விதிகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். 'பாஸ் செய்தால் உடனே வேலை நிச்சயம்' என்று யாராவது சொன்னால், ஒரு நிமிடம் நில்லுங்கள். அனுபவம் இல்லாதவருக்கு முதலில் கிடைப்பது 'சிபிசி-ஏ'. அந்த 'ஏ' பயிற்சி நிலையில் இருப்பவர் என்பதற்கான அடையாளம். அனுபவத்தை நிரூபித்த பிறகுதான் அது நீங்கும். சான்றிதழ் இருந்தால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட வாய்ப்பு அதிகம். வேலை கிடைப்பது அங்கே நீங்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்டும் முன்பு, அங்கே படித்து வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.

அக்கா இரண்டாவது முறை எடுத்தது 78. போன வாரம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான். "முதல் மாசச் சம்பளம் வரட்டும்டி" என்கிறாள். பெரியம்மா இப்போது பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பார்த்து எழுதுறதுன்னா சும்மாவா? அதுதாங்க ரொம்பக் கஷ்டம்!"