எரியும் எச்சரிக்கை விளக்குகள்

தோட்டத்துத் துரைமாரின் பழைய லாண்ட் ரோவர் வண்டிகளை மஸ்கெலியாப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரி, டைனமோ, சில பியூஸ்கள், எண்ணிவிடக்கூடிய கம்பிகள்: அவற்றின் மின்சாரம் அவ்வளவே. மழையில் நனைந்து நின்றுவிட்டாலும் ஃபிட்டர் ஒரு சிறு பல்பை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.

இன்றைய எஸ்.யூ.வி. வண்டிகளின் சங்கதி வேறு. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று எனப் பல சிறு கணினிகள் அவற்றுள் இருந்து, தமக்குள் ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. பற்றரி சற்றுத் தளர்ந்தாலும் கணினிகள் தடுமாறி, எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரியும். உரிமையாளர் கலங்கிப்போவார். ஒவ்வொரு பாகமாக மாற்றுவார். பணம் கரையும், விளக்கு அணையாது. நாம் கேள்வியுறும் முறைப்பாடுகளில் பல இத்தகையனவே. எஞ்சின் ஓய்ந்திருக்கையில் பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டுகிறதா என்று முதலில் அளந்து பார்ப்பது நன்று. பின்னர் எர்த் கம்பி பிணைந்துள்ள இடத்தைப் பார்க்கவேண்டும். மலைநாட்டு ஈரத்தில் அங்கே துரு ஏறும். கம்பி கடிக்கும் எலியைப் பற்றித் தோட்டத்தில் இருப்போருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இவை மூப்பாலும் ஈரத்தாலும் வருவன. தொழிற்சாலையிலேயே பிறந்த குறைகளும் உண்டு. நம் நாட்டில் பெரிதும் விரும்பி வாங்கப்பட்ட ஹொண்டா வெசல் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபரில் வெசல், ஃபிட் முதலான ஏறத்தாழ 4 இலட்சத்து 25 ஆயிரம் வண்டிகளை ஹொண்டா நிறுவனம் ஜப்பானில் திருப்பியழைத்தது. இக்னிஷன் கொயில் தொடர்பான மின்கோளாறு முக்கிய காரணம். ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடக்கூடும் என்பது அச்சம். நிறுவனத் தலைவர் உட்பட மேலாளர்கள் மூன்று மாதம் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். பாராட்டத்தக்க செயலே. ஆயினும், திருப்பியழைக்கும் கடிதம் ஜப்பானில் பதிவுபெற்ற உரிமையாளருக்கே போகும். ஏலத்தில் விலைபோய், கொழும்புத் துறைமுகம் வந்து, இரண்டு மூன்று கைமாறி மஸ்கெலியா ஏறிய வண்டியை அக்கடிதம் எப்படித் தேடிவரும்?

2020 மார்ச்சில் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளே கைமாறின. அவற்றுடன் திருத்தப்படாத குறைகளும் கைமாறியிருக்கலாம். சிவனொளிபாதமலைப் பருவத்தில், நல்லதண்ணிப் பாதையின் வளைவொன்றில், மூடுபனியில், குடும்பமே உள்ளே இருக்க எஞ்சின் நின்றால் என்னாகும்? ஸ்டியரிங் கனத்துவிடும். இரண்டொரு மிதிக்குப் பின் பிரேக்கும் இறுகிவிடும்.

வண்டியின் செசி இலக்கத்தைக் கொண்டு, திருப்பியழைக்கப்பட்டதா எனத் தேடும் வசதியை ஹொண்டா தன் ஜப்பானிய இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும். கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் படிக்க வீட்டிலுள்ள மாணவருக்குச் சில நிமிடம் போதும். வாங்கிய பின்னரன்றி, முற்பணம் கொடுக்குமுன்பே இதைச் செய்துவிடுதல் நலம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. கராஜில் கருவியைப் பொருத்தி விளக்கை அணைத்துக் கொடுப்பதுண்டு. விளக்கு அணையும், கூடவே கணினி குறித்துவைத்த கோளாறு எண்ணும் அழிந்துவிடும். கோளாறு மீண்டும் வரும்போது அடுத்த மெக்கானிக் இருளில் துழாவவேண்டியதுதான். அழிக்குமுன் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள். அன்று மழையா வெயிலா என்பதையும் பக்கத்திலே குறித்துவையுங்கள்.