ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் போதுமா?

“ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். வாயுப் பிடிப்பாக இருக்கும்.” திடீரென மூச்சு வாங்கி, நெஞ்சு குத்தி ஓடி வந்தவர்களில் பலர் இந்த ஆறுதலோடு வீடு திரும்புகிறார்கள். இது ஆபத்தான ஆறுதல். காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் பிய்ந்துபோய் நுரையீரல் தமனியை அடைத்தால், ஈ.சி.ஜி.யில் பெரும்பாலும் தெரிவது இதயத்தின் படபடப்பு மட்டுமே. சிலருக்கு அதுகூடத் தெரியாது. எக்ஸ்ரேயில் தமனிக்குள் இருக்கும் ரத்தக்கட்டி தெரியாது. கை நரம்பில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோதான் அதைக் காட்டும்.

“ரத்தத்தில் டி-டைமர் என்ற பொருளின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே” என்பார்கள். பாதிதான் சரி. முதலில் கேள்விகள் வேண்டும்: ஒரு கால் மட்டும் வீங்கியதா, 4 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்ததா, முன்பு கட்டி வந்ததா, புற்றுநோய் உண்டா, இருமலில் ரத்தமா? சந்தேகம் குறைவாக இருந்து டி-டைமரும் குறைவென்றால் கட்டி இல்லை என நம்பலாம். சந்தேகம் வலுவென்றால் நேரே ஸ்கேன்தான். டி-டைமர் கூடியிருப்பதாலேயே கட்டி என்றாகாது. காய்ச்சல், கர்ப்பம், முதுமை எல்லாம் அதை ஏற்றும்.

இது முதியவர்களின் நோய் என்பதும் தவறு. பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் இருக்கும் இளம் தாய்க்கும், காலில் மாவுக்கட்டு போட்ட இளைஞருக்கும் வரும்.

“கட்டியைக் கரைக்காமல் வெறும் ஹெப்பாரினா?” இந்தக் கோபம் புரிகிறது. உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின் கட்டியைக் கரைக்காது. வளரவிடாமல் தடுக்கும், கரைக்கும் வேலையை உடலே செய்யும். அந்தத் தடுப்பே உயிர் காக்கும் என்பதை 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர்கள் பாரிட், ஜோர்டான் இருவரும் காட்டினார்கள். உறைதடுப்பு மருந்து இல்லாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் ரத்தக்கட்டியால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. கரைக்கும் ஊசி, ரத்த அழுத்தம் சரிந்து உயிர் ஊசலாடுபவருக்கு உரியது. அழுத்தம் நிலையாக இருந்த ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் (2014), ஊசி போட்டவர்களில் 2.4 சதவீதத்தினருக்குப் பக்கவாதம் வந்தது, போடாதவர்களில் 0.2 சதவீதம்.

மூச்சு சீரானதும் உறைதடுப்பு மாத்திரையை நிறுத்தலாம் என்பதுதான் கடைசி ஆபத்து. குறைந்தது 3 மாதம் தேவை. பலருக்கு அதற்கும் மேல். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். காரணம் தெரியாமல் மூச்சு வாங்கினால், வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: “நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமா?”